பிளக்க யாரு பிடுங்கப்போறா

ஒரு கையெழுத்துதான்டி அகிலாண்டம், போட்டுட்டு வந்துண்டே இருக்கேன்னு லிஃப்ட் வாசல்ல போன்ல சொன்னீங்கள்ல மேடம்? ஒட்டுக்கேக்கல. டீ ட்ரேயோட பின்னாலயே நின்னேன், காதுல விழுந்துட்டு. பம்பாய்ல மாட்டுங்கா ஏரியாத் தமிழு, கேட்ட உடனே தெரிஞ்சிட்டு. நான் தாராவி. எங்க பேச்சு திருநவேலிப் பக்கம். இருந்தாலும் தமிழு தமிழுதான, அதான் தைரியமா பக்கத்துல வந்து உக்காந்துட்டேன்.

மொகத்த மட்டும் சிரிச்சாப்ல வச்சிக்கோங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எங்க மேனேஜர் திலீப் சார் போன் பேசிக்கிட்டே நம்மளத்தான் பாக்காரு. அவருக்குத் தமிழ் தெரியாது. இட்லி, சட்னி, அவ்ளோதான். நான் டீயப் பத்தி ஏதோ சொல்லுதேன்னு நெனச்சிக்கிடட்டும்.

எம்பேரு அஸ்ரின். இந்த லேப்ல டிஸ்க்கு சோதிக்கிற டெஸ்ட் இன்ஜினியர். ஆமா, நான்தான். டீ கொண்டு வந்த பிள்ளன்னு நெனச்சீங்களா? பரவாயில்ல மேடம், எல்லாரும் அப்பிடித்தான் நெனைக்காவ. கஸ்டமருக்கு லேடீஸ் கையால டீ குடுத்தா அச்சா லக்தா ஹை, நல்லா இருக்கும்னு சாரோட கண்டுபிடிப்பு. நான் யார்ட்டயும் பேச மாட்டேன். ஆபீஸ்ல எனக்கு சைலன்ட் மோடுன்னு பேரு. எங்க உம்மா கேட்டா நம்ப மாட்டாவ, நான் முன்னபின்ன தெரியாத ஒருத்தர்ட்ட இவ்ளோ பேசுதேன்னு.

நீங்க கையெழுத்துப் போடப்போற அந்த ரிப்போர்ட்ட பாத்தீங்களா? மொத பக்கத்துல பச்சக் கோடு ஒண்ணு ராக்கெட்டு மாதிரி மேல நிக்கும். உங்க ஆஸ்பத்திரி ரத்த பேங்க் சர்வருக்கு வாங்குத எஸ்எஸ்டி டிஸ்க்கு, அதோட ஸ்பீடு. பொய்யான்னா கேக்கீங்க? பொய்யில்ல. அதுதான் மோசம். பொய்யா இருந்தா புடிச்சிரலாம்.

புது டிஸ்க்கு மேடம், டப்பாவ பிரிச்ச உடனே யாரும் எழுதாத காலி டிஸ்க்கு, பறக்கத்தான் செய்யும். ஞாயித்துக்கிழம மத்தியானம் லோக்கல்ல ஏறி, காலை நீட்டி ஜன்னலோரம் உக்காந்துட்டு, பம்பாய் ட்ரெயின் மாதிரி உண்டான்னு சொன்னா எப்பிடி? திங்கக்கிழம காலையில குர்லா ஸ்டேஷன்ல ஏறிப் பாக்கணும்ல. டிஸ்க்க மொதல்ல முழுசா ரொப்பணும். ரொப்பினத அழிச்சி மறுபடி ரொப்பணும். அது மூச்சு வாங்கி, தெணறி, கடைசில ஒரு வேகத்துல வந்து நிக்கும் பாருங்க, அதுதான் அதோட நெஜமான குணம். அதுல அளக்கணும். எங்க சாரு டிஸ்க்க மாட்டுவாரு, கோடு மேல ஏறும், பஸ், போதும், போட்டோ எடுத்துக்கோம்பாரு. அந்தக் கோடு பொறவு எப்பிடி விழுதுன்னு அவரு இதுவரைக்கும் பாத்ததே இல்ல. அப்ப அவரு வடா பாவ் தின்னுக்கிட்டு இருப்பாரு.

அதையும் எங்க வச்சித் திம்பாருங்கீங்க? டெஸ்ட் மேசையில. தின்னுட்டு அந்த ரப்பர் மேட்டுலயே கையத் தொடைப்பாரு. அந்த மேட்டு கரண்டுப் பொறி டிஸ்க்குல பாயாம இருக்க விரிச்சது. இப்ப பச்ச சட்னி காஞ்சி போயி ஒட்டிக்கிட்டு கெடக்கு. அதுக்காகவே நாங்க கையில கட்டிக்கிடணும்னு ஒரு பட்ட உண்டு, அதுல காரு சாவிய மாட்டி வச்சிருக்காரு. பொறவு விசிட்டிங் கார்டோட முனையால பல்லு குத்துவாரு. குத்திட்டு அதே கார்ட எடுத்து கஸ்டமருக்கு... உங்களுக்குக் குடுத்தாரா? பர்ஸ்ல வச்சிட்டீங்களா.

சரி வுடுங்க மேடம். டீயக் குடிங்க. கப்ப நான்தான் கழுவினேன்.

ஸ்பீடு குறஞ்சா என்ன, ரத்த பேங்க்குக்கு எதுக்கு அவ்ளோ ஸ்பீடுன்னு கேக்கீங்க. சரிதான். அதுக்காக நான் வாயத் தொறந்திருக்க மாட்டேன். ரெண்டாவது பக்கம் திருப்புங்க. மெதுவா, சும்மா பாக்காப்ல. கரண்டு போனா தாங்குமான்னு ஒரு சோதன போட்டிருக்குல்ல? பாஸ். அதுக்குக் கீழ என் பேரு.

கேளுங்க. டிஸ்க்கு என்ன செய்யும்னா, கம்ப்யூட்டரு ஒரு விசயத்த இந்தா எழுதுன்னு குடுத்ததும், எழுதிட்டேன்னு உடனே பதில் சொல்லிரும். நெஜத்துல எழுதிருக்காது, கையில வச்சிருக்கும். லெட்டர பெட்டியில போட்டுட்டேன்னு சொல்லிட்டு சட்டப் பையில வச்சிருக்க மாதிரி. எல்லா டிஸ்க்கும் இதச் செய்யும், தப்பில்ல. ஆனா சர்வருக்குன்னு செய்யுத நல்ல டிஸ்க்குல குட்டிக் குட்டியா கரண்டச் சேத்து வைக்கிற உருப்படி வரிசையா வச்சிருப்பான். மெயின் கரண்டு படக்குன்னு போனாலும், அந்த மிச்சத்த வச்சி கையில உள்ளத எழுதி முடிச்சிட்டுத்தான் சாவும். கெட்டிக்காரச் சாவு.

உங்களுக்கு வந்திருக்க லாட்டுல, அந்த மொத்த சரக்குல, ஒண்ண நான் தொறந்து பாத்தேன். அந்த உருப்படி வைக்கிற எடம் வெறுமையா கெடக்கு மேடம். வைக்கதுக்குத் தடம் மட்டும் இருக்கு, பல்லு விழுந்த ஈறு மாதிரி. யாருக்குத் தெரியப்போவுது, மூடி இருக்குல்ல, மூடி மேல ஸ்டிக்கர் இருக்குல்ல. ச்சீ.

பொறவு எப்பிடி பாஸ் ஆச்சிங்கீங்களா. அங்கதான் எங்க லேப்போட வழக்கம். சோதனைக்குன்னு ஒரு பட்டன் வச்சிருக்கோம், கம்ப்யூட்டர் ஸ்கிரீன்ல. அத அமுக்கினா கரண்டு நிக்கும். ஆனா நிக்கதுக்கு முன்னாடி கம்ப்யூட்டரு டிஸ்க்குட்ட ஒரு வார்த்த சொல்லிரும், ஏய், நிறுத்தப்போறேன்னு. அது அவசர அவசரமா எல்லாத்தையும் எழுதி முடிச்சிட்டு நல்ல பிள்ளையா படுத்துக்கிடும். எங்க தம்பி நசீரு இருக்கானே, வாப்பா ஸ்கூட்டர் சத்தம் சந்து முனையில கேட்டதும் மொபைல தலகாணிக்கு அடியில போட்டுட்டு புஸ்தகத்த விரிச்சிருவான். வாப்பாவுக்கு இன்னைக்கும் அவன் படிக்கிற பிள்ள. ஆரன் அடிச்சிட்டு வந்து சோதிக்கது என்ன சோதன?

இங்க எல்லாரும் அப்பிடித்தான் செய்யுதாவ. ஆரம்பத்துல யாரோ வசதிக்கு வச்ச பட்டன், நானும் அதையேதான் அமுக்கிக்கிட்டு இருந்தேன். தொறந்து பாத்த பொறவுதான், எல்லாரும் சாப்பிடப் போன நேரமாப் பாத்து, எழுதிக்கிட்டு இருக்கும்போதே சுவத்துல உள்ள பிளக்க பிடுங்கினேன். மறுபடி மாட்டிப் பாத்தா, எழுதிட்டேன் எழுதிட்டேன்னு அது சொன்னதுல கடைசியா உள்ளது எதுவும் இல்ல. வேற ஒண்ண மாட்டினேன். அதுலயும் இல்ல. கெட்டுப்போயி நின்னாக்கூட ஒரு மரியாத இருக்கு மேடம், ஆஸ்பத்திரியில தெரிஞ்சிக்கிடுவாவ. இது நிக்காது. ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். கொஞ்சத்த மட்டும் முழுங்கிட்டு ஓடும்.

சொன்னேன் மேடம். சொல்லாம இருப்பேனா? சார் நான் பேசுததக் கேட்டு ஆச்சரியப்பட்டு, அரே அஸ்ரின் போல்தி ஹை, அஸ்ரின் பேசுதாளேன்னு எல்லாரையும் கூப்புட்டாரு. சிரிச்சாவ. பொறவு கதவச் சாத்திக்கிட்டு அந்த டிஸ்க்கு செய்யுத கம்பெனிக்காரனுக்கு போன் போட்டாரு. அந்தக் கதவு முழுசா சாத்தாது, கீழ ஒரு இடுக்கு இருக்கு, பேசுதது கேக்கும். ஆஸ்பத்திரியில உக்காந்து பிளக்க யாரு பிடுங்கப்போறான்னு கேட்டாரு. கேட்டுட்டு சிரிச்சாரு. அந்த சிரிப்பு, தொண்டையில சளி இருக்க மாதிரி ஒரு சிரிப்பு.

உங்கள்ட்ட யூபிஎஸ் இருக்கு, ஜெனரேட்டர் இருக்குங்கீங்க. இருக்கு. கல்யாண் ஊர்ல உங்க ஆஸ்பத்திரி கீழ் மாடியில, கேண்டீனுக்கு எதுத்தாப்ல அந்த ஜெனரேட்டர் ரூம். போன மழையில கரண்டு போனப்ப யூபிஎஸ் கொஞ்ச நேரம் கீய்ங்ன்னு கத்திட்டு செத்துட்டு. ஜெனரேட்டர் புடிக்கதுக்குள்ள ரத்த பேங்க் கவுண்டர்ல ஸ்கிரீன் எல்லாம் கருப்பு. அந்த நர்ஸக்கா, ஃபர்ஸானாக்கா, மொபைல் லைட்ட வச்சிக்கிட்டு நின்னாவ. அன்னைக்குப் பழைய டிஸ்க்கு, தாங்கிட்டு.

எனக்கு எப்பிடித் தெரியும்னா... சொல்லுதேன். சிரிங்க மேடம், பாக்காரு. ஹாங் சார், பஸ், தோ மினிட். போன முடிச்சிட்டாரு.

வாராரு. இப்ப என்ன செய்வாருன்னு சொல்லிருதேன். அந்த மேசையில உள்ள டிஸ்க்கு உங்க லாட்டுல உள்ளதுதான். எழுத வுடுவாரு, ஸ்கிரீன்ல நம்பர் ஓடும். பட்டன அமுக்குவாரு. அணஞ்சி, எரிஞ்சி, பச்ச டிக் விழும். தேக்கியே மேடம்ஜி, பாருங்கன்னு ரெண்டு கையையும் விரிப்பாரு. பேனாவ மூடி கழட்டியே நீட்டுவாரு.

நான் உங்கள்ட்ட கேக்கது ஒண்ணே ஒண்ணுதான். பட்டன் வேண்டாம், பிளக்க பிடுங்கிக் காட்டுங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க. நான் சொன்னா என்னைய வெளிய அனுப்பிருவாரு, அடுத்த பிள்ள வந்து டீ குடுக்கும். நீங்க கஸ்டமரு. நீங்க கேட்டா செஞ்சிதான் ஆகணும்.

யோசிக்கீங்க. டெக்னிக்கல் விசயம், ஆஸ்பத்திரி ட்ரஸ்ட்டுல எல்லாரும் சம்மதிச்சாச்சி, நான் வந்து போற ஆளுதானங்கீங்க. புரியுது. அகிலாண்டம் மாமி வேற காத்துக்கிட்டு இருப்பாவ.

...நஹீ சார், சாய் கே பாரே மே. டீயில இஞ்சி கூடிப்போச்சான்னு கேட்டேன்னு சொல்லியிருக்கேன் மேடம், தலைய மட்டும் ஆட்டிக்கோங்க.

பாருங்க, நம்பர் ஓடுது. அமுக்கிட்டாரு. அணஞ்சிட்டு. எரியுது. பச்ச. கையயும் விரிச்சிட்டாரு. மறுபடியும் எழுத வுடுதாரு, ஸ்பீடக் காட்டணும்ல உங்களுக்கு. இப்ப பேனா.

மேடம், இந்த பிஸ்கட்ட எடுத்துக்கோங்க, எடுத்துக்கிட்டே கேளுங்க. எங்க லாத்தாவ, மூத்த அக்காவ, அதே கல்யாண் ஊர்லதான் கட்டிக்குடுத்திருக்கு. அஃப்ஷா. சின்னதுலேருந்தே ரத்தம் ஊறாத ஒடம்பு. மாசாமாசம் உங்க ஆஸ்பத்திரியிலதான் ஏத்துதாவ. ஏத்தி ஏத்தி அவ ஒடம்பு சில ரத்தத்த எதுக்க ஆரம்பிச்சிட்டு. ஒரே குரூப்பு ரத்தம்தான், ஆனாலும் ஒத்துக்கிடாது. ஒரு தடவ ஏத்தினதும் கட்டிலே ஆடுத மாதிரி நடுங்கினா, நான்தான் அமுக்கிப் புடிச்சிக்கிட்டு நின்னேன். அதுக்குப் பொறவு எது ஒத்துக்கிடாதுன்னு கண்டுபிடிச்சி ஃபர்ஸானாக்கா கம்ப்யூட்டர்ல ஏத்தினாவ. கொஞ்ச நாள் போனா ஒடம்புல சோதிச்சாலும் அது தெரியாதாம், எழுதி வச்சதுதான் காப்பாத்தும்னாவ. அட்டையும் குடுத்திருக்காவ, இருக்கு. மயங்கி விழுந்து தூக்கிட்டு வந்தா அட்டைய யாரு தேடுவா? ஸ்கிரீனத்தான பாப்பாவ, அடுத்து ஏத்துத வரி கரண்டோட போயிட்டா அதுல என்ன இருக்கும்? அந்த இருட்டுல கவுண்டர் பெஞ்சில உக்காந்திருந்தது நானும் அவளும்தான்.

இல்ல, அழல மேடம். இஞ்சி.

கையெழுத்து அங்க, அம்புக்குறி போட்ட எடத்துல. என் பேருக்குப் பக்கத்துல.

மேடம்? டாய்லெட்டா? வெளிய போயி வலது பக்கம். மேடம், பர்ஸு இங்க இருக்கு. பேனாவக் கீழ போட்டுட்டீங்க. மேடம், அங்க ஒயரெல்லாம் கெடக்கு, காலு தட்டிரும். குனியாதீங்க, நான் எடுத்து...

அது ஃபேன் பிளக்கு மேடம்.

அதுக்கு எடது பக்கம். கருப்பு. கொஞ்சம் டைட்டா இருக்கும், ஆட்டி இழுக்கணும். சார், ருக்கியே, மேடம் கோ தேக்னே தீஜியே. நில்லுங்க, மேடம் பாக்கட்டும்னு சொல்லிட்டேன்.

பிடுங்கிட்டீங்க.