பத்து முட்டை டீம்

எண்பதுகளில் ஒரு காலை, ஓசூரில் எங்கள் கம்பெனி பஸ்ஸில் முன் சீட்டிலிருந்து காதில் விழுந்தது: "பத்து முட்டைதாங்கண்ணா. பதினோராவது ஆளை எப்படி எடுக்கறது?"

கேட்டவர் கம்பெனி கூடைப்பந்து கேப்டன் பாஷா. பக்கத்தில் டீமிலேயே மூத்தவரான செல்வராஜ், மஞ்சள் கருவைக் கடைசி வாய்க்கு ஒதுக்கிவைத்துத் தின்பவர். ஆட்டக்காரர்களுக்கு மட்டும் கேன்டீனில் தினமும் ஆளுக்கொரு முட்டை உண்டு. மேனேஜ்மெண்ட் எத்தனை முட்டைக்குக் கையெழுத்துப் போடுகிறதோ அத்தனை பேர்தான் டீம்.

"யாரு புதுசு?"

"பெயிண்ட் ஷாப்ல சேர்ந்திருக்கான், வேப்பனப்பள்ளிக்காரன். ஏணி இல்லாமலே மாங்கா பறிப்பானாம். பெங்களூர்க்காரங்ககிட்ட தோத்தப்ப இவன் இருந்திருந்தா..."

"நாம ஆரம்பிச்சப்ப கம்பம்கூட கிடையாது, ஞாபகம் இருக்கா? வெல்டிங்ல வளையம் பண்ணி புளியமரத்துல அடிச்சோம்."

"மறப்பேனா? முதல் பந்து நீங்க போட்டதுதானே. பந்தோட வளையமும் சேர்ந்து கீழ வந்துச்சு."

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தார்கள். பஸ் கேட்டுக்குள் திரும்பியது.

"அவனை எடுத்துக்கோ பாஷா."

"யாரை விடறதுங்கண்ணா?"

செல்வராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எனக்கு இப்பல்லாம் முட்டை ஒத்துக்கறதில்லப்பா."