மிளகுக்கு உடம்பு சரியில்லை

— மிளகை மடியில வெச்சுக்காதீங்க அண்ணி. சட்டுனு பிரேக் போட்டா கூடையோட போய் முட்டுவான்.

— கத்துறானே சின்னு… என் கை பட்டா அடங்குவான்.

— கை படட்டும். கூடையைக் கீழ இறக்குங்க. முன் சீட்டுக்குப் பின்னால, கால் வைக்கிற இடத்துல. அங்கதான் ஆடாது.

— வெச்சுட்டேன்.

— மேல துணி போட்டீங்களா? ஓடுற வண்டியெல்லாம் கண்ணுல பட்டா இன்னும் மிரளுவான்.

— என் பழைய புடவையைப் போட்டிருக்கேன். என் வாசனை இருக்கும்ல.

— நல்லது. காலையில ஏதாவது சாப்பிடக் குடுத்தீங்களா?

— இல்ல. வண்டியில வாந்தி எடுப்பான்னு நீதானே சொன்ன.

— சொன்னேன். நீங்க கேப்பீங்கன்னு நினைக்கல. அண்ணன் கார் இது… சீட்டுல ஒரு முடி ஒட்டினாலும் ஆடித் தீர்த்துடுவான்.

— உனக்கு வாய் ஜாஸ்தி. …எச்சில் ஒழுகுது பாரு இவனுக்கு.

— பயம்தான். எங்க வீட்டுப் பூனையும் இப்படித்தான். மெதுவா ஏதாவது பேசிட்டே வாங்க, அடங்கிடுவான்.

— என்னத்தப் பேச?

— அண்ணன்கிட்ட பேசாததையெல்லாம் பேசுங்க.

— …அதுக்கு இந்த ரோடு பத்தாது.

— ஜன்னலை ஏத்துங்க அண்ணி.

— ஒரு விரக்கடைதான் இறக்கினேன். மூச்சு முட்டுது.

— அவனுக்கா, உங்களுக்கா?

— ரெண்டு பேருக்கும்.

— ஏசியைக் கூட்டுறேன். பாவமா இருக்குன்னு கூடையை மட்டும் திறந்துடாதீங்க. எங்க வீட்டுது ஒருதடவை வெளிய வந்து பிரேக்குக்கு அடியில பூந்துகிச்சு. அன்னைக்குப் பொழைச்சதே பெரிசு.

— திறக்கல. …போன் அடிக்குது. உங்க அண்ணன்.

— எடுங்க.

— நீ பேசேன்.

— வண்டி ஓட்டுறேனே. ஸ்பீக்கர்ல போடாதீங்க, அவன் குரல் கேட்டா மிளகு…

— எனக்குத் தெரியாதா? …ம். …இன்னும் போய்ச் சேரல. …ம். …சரி. …வெச்சுட்டார்.

— என்னவாம்?

— பூனை கூடையிலதான் இருக்கான்னு கேக்குறார். கட்டில்ல ஏறினான்னு காலால எத்தினவரு… இன்னைக்கு என்ன அக்கறை?

— திருப்பம் வருது, கூடையைப் பிடிச்சுக்குங்க.

— மெதுவா போயேன் சின்னு. திரும்புறப்போ சாயுது.

— மெதுவாத்தான் போறேன். நீங்கதான் சும்மா சும்மா பின்னாடி பாக்குறீங்க. யாரும் வரல.

— யாரு வராங்கன்னு நான் பாக்கல.

— சரி.

— நிஜமாத்தான்.

— சரிங்கறேன்ல. …அடுத்த லெஃப்ட்ல டாக்டர் கிளினிக். திரும்பவா? …அண்ணி, பின்னாடி ஹாரன் அடிக்கிறான். திரும்பவா, வேணாமா?

— நேரா போ.

— நேரா போனா?

— எங்க அக்கா வீடு. அவ்வளவு தூரம் முடியலன்னா பஸ் ஸ்டாண்ட்ல இறக்கி விட்டுடு. நான் பாத்துக்கிறேன்.

— அப்போ மிளகுக்கு உடம்பு?

— அவனுக்கு ஒண்ணும் இல்ல. வீட்டை விட்டு வெளிய வர எனக்கு வேற சாக்கு கிடைக்கல. …நான் திரும்பிப் போகப் போறதில்ல சின்னு. முதல்லயே உன்கிட்ட சொல்லியிருக்கணும். நீ அவரோட தங்கச்சி… எந்த வாயால சொல்ல?

— மாத்துத் துணி?

— அவனுக்கு அடியில மடிச்சு வெச்சிருக்கேன், ரெண்டு செட். அதான் காலை நீட்ட முடியாம கத்துறான். …உனக்கு என் மேல கோவமா?

— முதல்ல கண்ணைத் துடைங்க. நீங்க அழுதா அவனும் ஆரம்பிப்பான். பஸ் ஸ்டாண்டெல்லாம் வேணாம், அக்கா வீட்டுக்கே போலாம். …காலையில அண்ணன் என்னைத் தனியா கூப்பிட்டான். கிளினிக்ல அவ டோக்கன் வாங்க உள்ள போற நேரம் பாத்து, பூனையை எங்கயாவது தூரமா கொண்டு போய் விட்டுடு, கூடை திறந்துகிட்டு ஓடிடுச்சுன்னு சொல்லிடுன்னான். சரின்னேன். சரின்னாத்தானே அண்ணி, கார் சாவியைக் கையில குடுப்பான்?