பக்தவத்சலம் எழுதிய நாலாவது வரி

தலைமை ஏற்றிருக்கும் பெரியவர் பழனிசாமி அவர்களே, மேடையில் இருக்கும் சங்க நிர்வாகிகளே, துணையை இழந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நீலாவதி அம்மா அவர்களே, ஃபீனிக்ஸ் பேயிலிருந்தும் சிப்பிகாட்டிலிருந்தும் வேலையைப் போட்டுவிட்டு வந்திருக்கும் அன்பர்களே, வணக்கம்.

மறைந்த வயர்லெஸ் ஆபரேட்டர் பக்தவத்சலம் அவர்களைப் பற்றிப் பேச என்னைக் கூப்பிட்டார்கள். அவரை நல்லவர் என்று சொல்லிவிட்டு உட்காருவது எனக்கு எளிது. நான் அதற்கு வரவில்லை. அவர் பெயரில் ஒரு தவறு பதிந்து கிடக்கிறது. அது அவருடையது அல்ல. பதினோரு வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்க வேண்டியதை இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

அவர் இனிமையாகப் பேசுகிறவரா? இல்லை. சிடுசிடுப்பானவர். டீ சூடாக இல்லை என்றால் கடைக்காரரைக் கூப்பிட்டு வைத்துக் கேள்வி கேட்பார். ஆனால் தீவுகளுக்கு நடுவே படம் அனுப்ப வேண்டும் என்று யார் நினைத்தார்கள்? அவர்தான் நினைத்தார். கையில் இருந்தது என்ன? பேச்சுக்குரல் போகாத ஒரு பழைய செட். கட், கட, கட் என்று மோர்ஸ் தட்டலாம், அவ்வளவுதான். அதில் படம் எப்படிப் போகும்?

கட்டம் போட்ட காகிதத்தில் படத்தை வரைவார். கோடு விழுந்த கட்டம் ஒன்று. வெறும் கட்டம் சுழியம். வரிசை வரிசையாக அந்த எண்களைத் தட்டுவார். தெற்கே ஒரு சின்னத் தீவில் செட்டோடு உட்கார்ந்திருந்த நான், எண்களைக் கேட்டுக் கேட்டு என் காகிதத்தில் கட்டங்களைக் கறுப்பாக்குவேன். முதலில் அவர் அனுப்பியது ஒரு சேவல். ஒரு வரிசைக்கு முப்பது கட்டம். நாங்கள் எதையும் நான்கு நான்கு எண்ணாகக் கட்டித் தட்டுகிறவர்கள். முப்பதில் கடைசிக் கட்டுக்கு இரண்டு எண் குறையும். அதை வெறும் சுழியம் போட்டு நிரப்புவார். நான் அந்த நிரப்பலையும் படம் என்று எண்ணி அடுத்த வரிசைக்குத் தள்ளிக்கொண்டே போனேன். வரிசைக்கு வரிசை சரிந்து, சேவல் படுத்துக்கொண்டது.

அடுத்த கப்பலில் போர்ட் பிளேர் வந்து அந்தக் காகிதத்தைக் காட்டினேன். "அரே ராஜமாணிக்கம், சேவலுக்கு என்னய்யா ஆச்சு, தண்ணி போட்டுடுச்சா?" என்றார். அன்று உட்கார்ந்து ஒரு விதி எழுதினார். எந்தப் படத்துக்கும் முன்னால் மூன்று வரி போக வேண்டும். அகலம் எத்தனை கட்டம், உயரம் எத்தனை கட்டம், நிரப்பல் எத்தனை. அதன்பின் அவர் அனுப்பிய எதுவும் எனக்குச் சரியவில்லை.

அறுபத்திரண்டில் வந்த புயல் உங்களுக்கு நினைவிருக்கும். நான் இருந்த தீவில் ரேஷன் கிடங்கை அலை கொண்டுபோயிற்று. நாற்பது பேருக்கு அரிசி இல்லை. பாறைகளுக்கு நடுவே படகு வரும் பழைய வழியும் அடைபட்டுவிட்டது. தோணியில் போய்ப் புது வழி ஒன்றைக் கண்டுபிடித்தோம், வடகோடியில். கரையையும் ஒவ்வொரு பாறையையும் கட்டக் காகிதத்தில் வரைந்தேன். அதுவரை அவர் அனுப்ப நான் வாங்குவேன். அன்றுதான் முதன்முதலாக நான் அனுப்ப, அவர் வாங்கினார்.

மூன்று வரியும் சரியாகக் கொடுத்தேன். படமே சொல்லும் என்று, வழி வடக்கே என்பதைத் தனியாகத் தட்டவில்லை. ஆனால் நான் பள்ளிக்கூடத்தில் கிராஃப் போட்டுப் பழகியவன். எனக்கு எண்ணிக்கை கீழ் மூலையில் தொடங்கும். அடி வரிசையிலிருந்து மேல்நோக்கித் தட்டினேன். அவர் எப்போதும்போல மேலிருந்து கீழே வரைந்தார். படம் தலைகீழாக விழுந்தது. பார்த்தால் தெரியாதா? தெரியாது. இடப்பக்கம் கரை, வலப்பக்கம் பாறைகள். மேல்கீழாகப் புரட்டினாலும் அது அப்படியே இருக்கும். வழி மட்டும் வடக்கிலிருந்து தெற்குக்குப் போய்விட்டது.

அந்தக் காகிதத்தை நம்பி அரிசியோடு லாஞ்சை ஓட்டிவந்தவர் செராங் குழந்தைவேலு. நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். லாஞ்ச் தெற்கே திரும்பியது. கத்தினேன், எட்டவில்லை. பாறையில் மோதி உடைந்தது. அரிசி வேறு படகில் நான்கு நாள் கழித்து வந்தது. குழந்தைவேலு அண்ணனின் இடது கால் திரும்பி வரவில்லை.

விசாரணை வந்தது. எந்தப் பக்கத்திலிருந்து அனுப்பினேன் என்று என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. பக்தவத்சலம் எழுதிக் கொடுத்தார்: 'படத்தை எங்கிருந்து படிக்க வேண்டும் என்று கேட்காமல் படித்தது என் தவறு.' பிறகு தனியாக அவரிடம் போய் அழுதேன். "எழுதினவன் சொல்லாம விட்டா படிக்கிறவன் கேக்கணும். நான் கேக்கல. சோடோ யார், விட்டுத் தள்ளு, வேலையப் பாரு" என்றார். அன்றே விதியில் நாலாவது வரியைச் சேர்த்தார்: மேலிருந்தா, கீழிருந்தா.

தலைமை ஆபரேட்டர் நாற்காலி அவருக்கு வரவேண்டியது. அந்தப் பதிவால் வரவில்லை. யாருக்கு வந்தது? எனக்கு. எட்டு வருஷமாக அதில் உட்கார்ந்திருக்கிறேன். அவர் பக்கத்து மேசையில் இருந்தார். ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

என்னால் ஆவது இனி இவ்வளவுதான். நாளைக் காலை நடந்ததை எழுதி, என் கையெழுத்திட்டு, மேலிடத்துக்கு அனுப்புகிறேன். நாற்காலி போனால் போகட்டும். நான் வேலையில் இருக்கும் வரை அந்த நாலு வரி இல்லாமல் ஒரு படமும் எங்கள் அறையை விட்டுப் போகாது.

கடைசி வரிசையில் குழந்தைவேலு அண்ணன் வந்து உட்கார்ந்திருக்கிறார். அண்ணே, இந்தப் பதினோரு வருஷம் அவரோடு நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. தெருவில் அவர் வணக்கம் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டீர்கள். என்னைப் பார்த்தால் மட்டும் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தீர்கள். நானும் குடித்தேன். அந்தக் கோபம் எனக்குச் சேரவேண்டியது, இன்றிலிருந்து என்னிடம் காட்டுங்கள். இப்போது அவருடைய படத்துக்கு முதல் பூவை நீங்கள் வந்து போட வேண்டும். நான் வரிசையில் கடைசியாக நிற்கிறேன்.