பதினாறாவது சானல்

ஸ்டுடியோவில் இருக்கிற மிக்ஸரைப் பார்க்கிறவர்கள், இத்தனை குமிழையும் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்பார்கள். நான் விவரம் சொன்னதும் நீங்களும் அதையே கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. ஒரு வரிசை தெரிந்தால் போதும், மற்றதெல்லாம் அதே மாதிரிதான். ஒரு மைக்குக்கு ஒரு சானல். கீழே இருக்கிற ஃபேடரை ஏற்றினால் அந்தக் குரல் பாட்டில் சேரும், இறக்கினால் சேராது. மேலே உள்ள குமிழ், பாடுகிறவர் மாட்டியிருக்கும் ஹெட்போனுக்கு மட்டும். ஃபேடர் அடியில் கிடந்தாலும் குமிழைத் திருகினால் அவர் காதில் கேட்கும். பாட்டில் பதியாது, வேறு யாருக்கும் கேட்காது. சத்தம் வருகிற சானலில் ஒரு பச்சை விளக்கு மட்டும் மினுக்கும்.

இதையெல்லாம் யுவராணிக்கும் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். காமயகவுண்டன்பட்டியிலிருந்து டவுன் பஸ்ஸில் உத்தமபாளையத்துக்கு, என் ஸ்டுடியோவுக்கு வருவாள். திருவிழா கேசட்டுகளுக்குப் பாடுவாள். இறந்துபோன அவள் அம்மா அன்னத்தாயும் என்னிடம் பாடியவர்தான். போன வருடம், 2003இல், சென்னைக் கேசட் கம்பெனி ஒன்று யுவராணியைப் பாடக் கூப்பிட்டது. "தை பொறந்ததும் கிளம்புறேண்ணே" என்றாள். அந்த ஊரில் இவளை யார் பார்த்துக்கொள்வார்கள்?

அன்னத்தாயின் பழைய டேப் ஒன்று என்னிடம் இருந்தது. இரண்டு பாட்டுக்கு நடுவே, அன்று சின்னப் பிள்ளையாகக் கூட வந்த யுவராணியை அவர் அதட்டுகிற குரல் அதில் பதிந்திருந்தது. "ஏ ராணி, அங்கன போகாத. இங்கன வா." அதைப் பதினாறாவது சானலில் கொடுத்தேன். ஃபேடர் அடியில், குமிழ் கால் திருகு.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பாடிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். "யாராச்சும் கூப்பிட்டாகளாண்ணே?" இல்லையே என்றேன். பதிந்ததைப் போட்டும் காட்டினேன். அவள் குரலும் மேளமும்தான் இருந்தன. சிரித்தாள். அடுத்த வாரம் சிரிக்கவில்லை. சரணம் நெருங்கினாலே திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"எங்காத்தா போகாதங்குது. எனக்குக் கிறுக்குப் பிடிச்சிருச்சாண்ணே?" என்று அழுதாள். தண்ணீர் கொடுத்து, "மெட்ராஸ இப்பதைக்கு விட்ரு" என்றேன். நல்லதற்குத்தான் சொன்னேன்.

வரவில்லை என்று கம்பெனிக்குச் சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகும் நான் குமிழை இறக்கவில்லை. இறக்கினால் மனம் மாறிவிடுவாளோ என்று பயமாக இருந்தது. வீட்டிலும் பஸ்ஸிலும்கூடக் குரல் கேட்பதாகச் சொன்னாள். அதற்கும் மிக்ஸருக்கும் சம்பந்தமில்லை, அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மாசியில் ஒரு காலை, அடுப்பில் எண்ணெயைக் காய்ச்சி இரண்டு காதிலும் ஊற்றிக்கொண்டாள். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்ததும் நான்தான். இனி கேட்காது என்றார்கள்.

புண் ஆறி, நேற்று ஸ்டுடியோவுக்கு வந்தாள். என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். நிஜமாகவே கேட்கவில்லையா என்று எனக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. ஹெட்போனை மாட்டிவிட்டு அந்த டேப்பை ஓடவிட்டேன். அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நிம்மதியாக இருந்தது. பிறகு அவள் பார்வை மிக்ஸர் மேல் மெல்ல நகர்ந்து கடைசி வரிசையில் நின்றது. ஃபேடர் அடியில் கிடந்தது. பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. காது போனவர்கள் பேசுகிற பெருங்குரலில் கேட்டாள்.

"பதினாறுல யாருண்ணே பேசுறாக?"

அந்தக் கேள்வியைத் தாங்க முடியாமல்தான் நானாகவே ஸ்டேஷனுக்கு வந்தேன். "யாரும் இல்ல" என்று அவளிடம் சொன்னேன். அவளுக்குத்தான் காது கேட்காதே, ஐயா. அது பொய்யில் சேராது.