கடலடியில் புல்வெட்டு

ஹட்டனிலிருந்து மஸ்கெலியா போகும் பஸ். எனக்கு முன் சீட்டில், மாலைதீவு ஹோட்டல் வேலையிலிருந்து லீவில் வந்த இளைஞன் ஒருவன். பக்கத்தில் அவன் ஊர்த் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் அக்கா ஒருவர்.

“அங்க என்ன வேலை தம்பி?”

“கடலுக்கு அடியில புல்லு வெட்டுறேன் அக்கா.”

கண்டக்டர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

“அதுக்கா பிளேன் ஏறிப் போன? இங்க நாலாம் நம்பர் மலையில இடுப்பு உசரத்துக்கு நிக்குதே!”

“புல்லுன்னா பாசி அக்கா. எங்கேருந்தோ கப்பல்ல ஒட்டிக்கிட்டு வந்துச்சாம். பவளப்பாறைய மூடிச் சாகடிக்குது. முங்கி முங்கிக் கையாலதான் புடுங்கணும்.”

“அதத் திங்கிற மீனு இல்லையா?”

“இருந்துச்சு. கெஸ்ட்டுங்களுக்குப் பொரிச்சுக் குடுத்துட்டோம்.”

“நல்ல நிர்வாகம். நம்ம தோட்டத்துத் தொரைக்குச் சொந்தக்காரங்க போல.”

“சிரிக்காதீங்க அக்கா. பாறை செத்தா கெஸ்ட்டு வரமாட்டாங்க. என்னையும் ஊருக்கு அனுப்பிருவாங்க. வெளியேருந்து வந்தது, இருந்ததையெல்லாம் அழிச்சுட்டு எடத்தப் புடிச்சுக்குது. பாத்தா வயிறு எரியுது.”

அக்கா ஜன்னல் கண்ணாடியைத் தள்ளினார். வெளியே கண்ணுக்கு எட்டிய வரை தேயிலை.

“இதுவும் கப்பல்ல வந்ததுதான் தம்பி. இங்க இருந்த காட்டையெல்லாம் அழிச்சுட்டுத்தான் நிக்குது. இதுக்கு நாம உரம் போடுறோம். இந்த மண்ணுலயே காலங்காலமா மொளைக்கிற புல்ல, களைன்னு சொல்லிப் புடுங்கிப் போடுறோம். நாளைக்குக் காலையில பெரட்டுல வேலை பிரிக்கிறப்ப எனக்கு அந்த வேலைதான் குடுப்பாங்க.”