காலமைப் பயறு

— இஞ்சருங்கோ, அந்தப் பேப்பரை ஒருக்கா வையுங்கோ. வயித்துக்க ஏதும் செய்யுதோ?

— இல்லையே. ஏன் பத்மா?

— சும்மாதான்... தலைசுத்து?

— டொக்டரும் என்னை இவ்வளவு கேக்கிறேல்லை.

— நாக்கை நீட்டுங்கோ பாப்பம்.

— உமக்கென்ன விசரோ... இந்தாரும். ஆ.

— ம். காலமை முளைப்பயறு சாப்பிட்டனீங்கள்தானே?

— கிண்ணம் வெறுமையாத்தானே குசினிக்கு வந்தது.

— நேற்று?

— நேற்றும் சாப்பிட்டனான். முந்தநாளும். எனக்குச் சுகர் குறையட்டுமெண்டு நீர் துணியில கட்டி, தண்ணி தெளிச்சு, கைப்பிள்ளை மாதிரிப் பாக்கிறீர். விடுவனோ?

— ஐயோ முருகா...

— என்ன ஐயோ? இதில இரும். என்ன நடந்தது?

— நீங்கள் பதறக்கூடாது. நெஞ்சு வருத்தக்காரன்.

— இப்பிடிச் சொன்னால்தான் பதறும். சொல்லும்.

— பிரியந்தன் இப்ப வவுனியாவில இருந்து கோல் எடுத்தவன்.

— உம்மட தம்பிக்கு என்ன?

— அவனுக்கு ஒண்டுமில்லை. போன கிழமை இஞ்ச வந்து நிண்டிட்டுப் போகேக்க ஒரு பயறுப் பையை மறந்து விட்டிட்டுப் போனவனாம்.

— அதுக்கு?

— எங்கட பயறு முடிஞ்சிட்டுது. லிப்டும் அண்டைக்கு வேலை செய்யேல்லை, ஆர் காலி றோட்டுக் கடைக்கு இறங்கிறதெண்டு... அவன்ர பையில இருந்ததைத்தான் ஊறப்போட்டனான்.

— திருப்பிக் கேக்கிறானோ? வாங்கிக் குடுப்பம்.

— அது விதைப்பயறாம். தோட்டத்துக்கு. பூஞ்சணம் பிடிக்காமல் மருந்து பிரட்டினதாம். வாயில வைக்கவே கூடாதாம்.

— கழுவேக்க ஒண்டும் தெரியேல்லையோ?

— கழுவேக்க தண்ணி ரோஸாத்தான் வந்தது. ஏதோ சாயமெண்டு நினைச்சு, திருப்பித் திருப்பி அலசிப்போட்டுக் கட்டி வைச்சன். அதுவும் நல்லாத்தான் முளைச்சுது...

— நீர் சாப்பிட்டனீரோ?

— இல்லை. எனக்குத்தான் பச்சையா ஒத்துக்கொள்ளாதே. எழும்புங்கோ, ஆஸ்பத்திரிக்குப் போவம். ஓட்டோ பிடிப்பம்.

— கொஞ்சம் பொறும்.

— என்னத்தைப் பொறுக்கிறது? உங்களுக்கொண்டெண்டால் நான் என்ன செய்வன்? பயமா இருக்கப்பா... என்ர கையாலதானே தந்தனான்.

— பத்மா... நான் சாப்பிடேல்லை.

— என்னைத் தேத்திறதுக்குப் பொய் சொல்லாதேங்கோ.

— உண்மையாத்தான். ஒரு நாளும் சாப்பிடேல்லை. அந்தப் பச்சை மணம் தொண்டைக்கு அங்கால இறங்காது. உம்மட முகம் வாடிப்போகுமெண்டு சொல்லேல்லை.

— சத்தியமா?

— பிள்ளையாணை.

— கள்ள மனிசன்... இவ்வளவு நாளும் என்னைப் பேய்க்காட்டி... பரவாயில்லை. என்ர உசிர் இப்பதான் திரும்பி வந்தது. நல்லகாலம், எல்லாத்தையும் குப்பையில கொட்டியிருக்கிறீங்கள்.

— அந்தச் சேர்ட்டை இஞ்ச தாரும்.

— பிறகேன் சேர்ட் போடுறீங்கள்? எங்க போறீங்கள்?

— இண்டையான் பயறு மட்டும்தான் பத்மா கொட்டினனான். மற்றதெல்லாம் பேப்பர் எடுக்கப் போகேக்க கீழ கேட்டில நிக்கிற செக்கியூரிட்டி பலீலுக்குக் குடுத்தனான்... பாவம், வெறும் வயித்தோட வேலைக்கு வாறவர். ராத்திரியில இருந்து வயித்தால போகுதாம், எழும்பேலாதாம் எண்டு அவற்ர மனிசி கேட்டுக்குக் கோல் எடுத்தவவாம். அதுதான் இண்டைக்குக் குடுக்க ஆளில்லை.