ஒரு தட்டு, ரெண்டு தட்டு

சாயங்காலம் ஏழு மணி. செய்யூர்லேர்ந்து கடப்பாக்கம் போற ரோடு கீதுல்ல... ரெண்டு பக்கமும் சவுக்குத் தோப்பு. அந்நேரத்துக்கு ஈ காக்கா இருக்காது. காத்து மட்டும் ஸ்ஸ்ஸுனு அடிச்சுகினே இருக்கும்.

டேய் ஷ்யாம், டார்ச்ச அணைடா. கரண்டு வரும்போது வரட்டும். எல்லாரும் கிட்ட வந்து குந்துங்க. இத சத்தமா சொல்ல மாட்டேன்.

நம்ம குமாரோட அக்கா வூட்டுக்காரரு தேவேந்திரன். அவருக்கு நடந்தது. மீன் யாவாரம். காலைல பெட்டி பெட்டியா செங்கல்பட்டுக்கு ஏத்திகினு போவாரு, சாயங்காலம் காலி வண்டியா திரும்புவாரு. சாமியே எதிர்ல வந்து நின்னாலும் 'ஓரம் போ சாமி, ஐஸ் உருகுது'ன்ற ஆளு. ஒரே பொண்ணு, சங்கவி, நாலு வயசு. அப்பா வண்டி சத்தம் கேட்டாப் போதும், ஓடியாந்து பின்னாடி ஏறிக் குதிக்கும். அவருக்கு உசுரே அதான்.

பழைய பிக்கப் ஒண்ணு வாங்கினாரு. முன்ன வெச்சிருந்தவன் வேர்க்கடலை புடுங்கற பொம்பளைங்கள கடலைக் கொல்லைக்கு ஏத்தி எறக்கிகினு இருந்தவனாம். இன்னாத்துக்கு விக்கறன்னு இவரும் கேக்கல, அவனும் சொல்லல.

இஞ்சின் நல்லாதான் இருந்துச்சு. கியர்தான் பேஜாரு. நாலாவது கியர்ல போய்கினே இருக்கும்... டக். தானா நழுவி நியூட்ரலுக்கு வந்துடும். இஞ்சின் உறுமும், வண்டி இழுக்காது. உருண்டு போய் நிக்கும். கொஞ்ச நேரம் எந்த கியரும் விழாது. அப்பறம் வெண்ணெ மாதிரி விழும்.

கண்ட எடத்துல நழுவினா பழைய வண்டின்னு வுட்டுடலாம். இது ரெண்டே எடத்துல. சவுக்குத் தோப்பாண்ட ஒரு தபா. அதத் தாண்டி சின்னப் பாலத்தாண்ட ஒரு தபா. தெனமும்.

மெக்கானிக் தீனதயாளன் கியர் பாக்ஸப் பிரிச்சு பல்லு பல்லா பாத்தாரு. "அண்ணாத்த, உள்ள ஒரு தேய்மானமும் இல்ல. எனக்கே புரியல. நழுவுச்சுனா இந்த சைக்கிள் ட்யூபால கியர் ராட சீட்டுக் கம்பியோட இழுத்துக் கட்டிக்கோ. வூடு போய் சேந்துடலாம்." அவரே ஒரு முனைய சீட்டுக் கம்பில முடிச்சு போட்டு வுட்டாரு.

தெனமும் பாட்ட அலற வுட்டுகினு வருவாரு. அன்னிக்கு செட்டு ரிப்பேர். வண்டிக்குள்ள கம்முனு கீது.

தோப்பாண்ட... டக். வண்டி நின்னுடுச்சு. கியர் விழட்டும்னு உக்காந்துகினு கீறாரு. பின்னாடி ஸ்பிரிங்கு 'க்ரீச்'சுனுச்சு. வண்டி லேசா அமுங்குச்சு. ஒரு வாசன... வேர்க்கடலைய செடியோட புடுங்கினா வேர்ல ஈர மண்ணு மணக்குமே, அது. மீன் வண்டில.

தட் தட்.

லோடு வண்டி பழக்கம் உங்களுக்குத் தெரியும்ல? பின்னாடி நிக்கற ஆளு தகரத்துல ஒரு தட்டு தட்டினா, நிறுத்து. ரெண்டு தட்டுனா, போலாம். வாயத் தொறக்க வேணாம்.

ரெண்டு தட்டு கேட்டதும் அவரு கை தானா கியரப் போட்டுடுச்சு. விழுந்துடுச்சு. கொஞ்ச தூரம் போனப்பறம்தான் உறைக்குது... வண்டில நான் ஒருத்தன்தான கீறேன்? கண்ணாடில பாத்தாரு. காலிப் பெட்டிங்க. வேற ஒண்ணுமில்ல.

அவ்ளோ பெரிய மனுஷன், 'அழுதுட்டேன்டா'ன்னு குமாராண்ட சொன்னாராம்.

ஒரே நெனப்பு. பாலத்தாண்ட நிக்கக் கூடாது. இருட்டுல இதோட மாட்டிக்கக் கூடாது. தொங்கிகினு இருந்த ட்யூப எடுத்து, கியர் ராட சுத்தி, பலங்கொண்ட மட்டும் இழுத்து மாட்டிட்டாரு.

பாலம் வந்துச்சு. கியர் ராடு துடிக்கிது. ட்யூபு இழுபடுது... இழுபடுது... நழுவல. பாலம் தாண்டிடுச்சு.

தட்.

ஒரே ஒரு தட்டு.

அவரு ஆக்சிலேட்டர மிதிச்சாரு.

தட்... தட்... ஒவ்வொண்ணா, நிதானமா. கடப்பாக்கம் லைட்டு தெரியற வரைக்கும் தட்டிகினே வந்துச்சு. அப்பறம் நின்னுடுச்சு.

இன்னா கீர்த்தனா, எதுக்கு நிறுத்தச் சொல்லுதுன்னு கேக்கறியா? ஏறின ஆளு எறங்க வேணாமா?

அவருக்கு அது வூட்டு வாசல்லதான் புரிஞ்சுது. கியர்லயே பிரேக்க அடிச்சாரு, இஞ்சின் ஆஃபாயிடுச்சு. அந்த அமைதில பின்னாடி ஸ்பிரிங்கு 'க்ரீச்'... வண்டி மேல தூக்குச்சு. எறங்கிடுச்சு. அவரு வூட்டாண்ட.

சங்கவி ஓடியாருது. எப்பவும் மொதல்ல அப்பா காலத்தான் கட்டிக்கும், அப்பறம்தான் பின்னாடி ஏறும். அன்னிக்கு நேரா பின்பக்கம் போச்சு. இவரு கத்திகினே குதிச்சு ஓடறாரு... பொண்ணு யாருமில்லாத எடத்த அண்ணாந்து பாத்துகினு நிக்கிது. அது கையில ஒரு வேர்க்கடலைச் செடி. வேர்ல ஈர மண்ணு சொட்டுது.

மறுநாளே வண்டிய வித்துட்டாரு. வாங்கினவன் ஆந்திரா பக்கம் ஓட்டிகினு போய்ட்டான். போன் போட்டு கேட்டா, "கியரா? ஒரு எடத்துலயும் நழுவலயே. அருமையான வண்டி நைனா"ன்றான்.

இங்க தேவேந்திரன் வூட்டுல சாயங்காலம் ஏழு மணியானா வாசல் தகரக் கதவுல ஒரு தட்டு. போய்ப் பாத்தா யாரும் இல்ல. அம்மா வச்சலா பொண்ணத் தூக்கிகினு உள் ரூம்ல போய் உக்காந்துக்கும். அப்பதான் ஒருநாள் சங்கவி கேட்டுச்சாம்... "அப்பா, அந்தக்கா பாலத்தாண்ட எறங்கணுமாம். நம்ம வண்டி எங்கப்பா?"

வித்துட்டேன்னு சொன்னாரு. வேற இன்னா சொல்லுவாரு?

நேத்து குமாரு போன் பண்ணான். போன வாரத்துலேர்ந்து ஒரு தட்டு இல்லியாம். ரெண்டு தட்டாம்.

கேட்டதும் சங்கவி செருப்ப மாட்டிகினு கதவாண்ட போய் நிக்கிதாம்.